முதல் பிடிச் சாமை

எங்கள் பக்கத்து வீட்டு அத்தைக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்கத் தெரியும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். “நீ பாத்தியா?” யார் எதைச் சொன்னாலும், கையில் இருக்கிற வேலையை விடாமல், தலையை மட்டும் கொஞ்சம் சாய்த்து அதைக் கேட்பாள். மேலத்தெருவில் சண்டை என்றால், நீ பாத்தியா. கீழே சங்கராபுரத்தில் மரவள்ளி விலை ஏறிவிட்டது என்றால், நீ பாத்தியா. பார்த்தேன் என்று சொன்னால் அடுத்த பேச்சுக்குப் போவாள். அவன் சொன்னான், இவள் சொன்னாள் என்று இழுத்தால், “அப்ப பாத்தவங்கள வரச் சொல்லு” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

சாகிறவரை ஊரில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி மூன்று வருஷம் என்னிடம் மட்டும் கேட்கவில்லை.

ரத்த உறவு கிடையாது. அம்மாவுக்கு அண்ணி முறை, அதனால் எனக்கு அத்தை. கல்வராயன் மலையில் எங்கள் ஊர் சின்ன ஊர். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலாமரம், அவ்வளவுதான் இடைவெளி. பிள்ளை இல்லை. அவளும் மாமாவும்தான். மாமா அதிகம் பேசாதவர். அவர் பேசுவதற்கு அத்தை இடம் வைக்கவில்லை என்று அம்மா சொல்வாள்.

ஒரு ஆனி மாதம் அந்தப் பலாமரத்தில் பழுத்திருந்த பெரிய பழம் இரண்டு காணாமல் போயின. மாடு மேய்க்கிற அண்ணன் ஒருவர் வந்து, கரடி இறங்கிவிட்டது, உறுமுவதை என் காதால் கேட்டேன் என்றார்.

“கேட்டது கெடக்கட்டும். பாத்தியா?”

“இருட்டுல எங்க அண்ணி பாக்கறது.”

அத்தை மரத்தடிக்குப் போனாள். அடிமரத்தைச் சுற்றி உள்ளங்கையால் தடவினாள். குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டு வந்தாள். “கரடி ஏறுனா மரத்துல நகம் கீறியிருக்கும். இது ரெண்டு கால் கரடி. பீடி குடிக்கிற கரடி” என்று ஒரு பீடித் துண்டை அவர் கையில் வைத்தாள். அன்றைக்கு ஊரே சிரித்தது. அதற்குப் பிறகு அவருக்குப் பேரே கரடி என்று ஆகிவிட்டது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கைநாட்டு, அம்மாவுக்குக் கைநாட்டு, அவர்களைப் பெற்றவர்களுக்கும் கைநாட்டு. இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். இப்போதும் உயர்கிறது. சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாகப் படிப்பேன். எதிரே அத்தை சாமையைப் புடைத்துக்கொண்டிருப்பாள். எனக்குக் கிடைத்த ஒரே மாணவி அவள்தான்.

“பூமி உருண்டை வடிவமானது.”

“நீ பாத்தியா?”

“பொஸ்தகத்துல படம் போட்டிருக்குது அத்தே.”

“படம் போட்டவன் பாத்தானா?”

“தெரியாது.”

“நீ பாக்கல?”

எனக்கு எட்டு வயசு இருக்கும். கொஞ்சம் யோசித்து, “இல்ல, நான் பாக்கல” என்றேன். அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். உள்ளே அடுப்படியில் இருந்த அம்மாவுக்குக் கேட்கும்படி சொன்னாள்: “பாக்கலன்னு சொல்லிச்சு பாரு உம்பொண்ணு. பாக்கலன்னு சொல்றவ பேச்சத்தான் நம்பலாம்.”

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பிறகு எத்தனையோ பரிசு கொடுத்தார்கள். எவர்சில்வர் தட்டு, சோப்பு டப்பா, அகராதி. எதையும் அந்த வார்த்தை அளவுக்கு நான் பத்திரமாக வைத்துக்கொள்ளவில்லை.

ஏழாவது படிக்கும்போது சுதந்திர தினப் பேச்சுக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். வாத்தியார் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து அத்தையிடம் ஒப்பித்தேன். இன்ன நாளில் நாம் அனைவரும் விடுதலை பெற்றோம் என்று வந்ததும் அவள் நிறுத்தினாள்.

“நாமன்னா யாரு?”

“எல்லாரும்தான்.”

“நம்ம மலையுமா? நீ பாத்தியா?”

“அப்ப நான் பொறக்கவே இல்ல அத்தே.”

“நானும் பொறக்கல. ஆனா நான் பொறந்து, நடந்து, ஆடு ஓட்டற வயசு வந்தப்பறமும் பாத்தேன். எங்கப்பா ஜாகிர்தார் நெலத்துல கூலி இல்லாம ஏர் ஓட்டுனாரு. எங்க மரத்துல மொத பழம் அவுங்க வூட்டுக்குத்தான் போவும். கீழ கொடி ஏத்திக்கினு இருந்தாங்க. மேல நாங்க சொமந்துக்கினு இருந்தோம்.”

மறுநாள் வாத்தியாரிடம் கேட்டேன். உண்மைதான், எங்கள் மலை ஜாகிர்தார்கள் கையிலிருந்து விடுபட்டது நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்துத்தான் என்றார். பேச்சில் அதைச் சேர்த்துக்கொள்ளட்டுமா என்றேன். நேரம் போதாது என்றார். நான் சேர்க்கவில்லை. கைதட்டல் நன்றாக வந்தது.

ஒன்பதாவது படித்த வருஷம் குடியரசு தினத்துக்கு எங்களைக் கீழே கூட்டிப் போனார்கள். அப்போது கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகவில்லை. ஒரு லாரியை ஜோடித்து, ‘மலைவாழ் மக்களின் கலை, உணவு, வனவிலங்கு’ என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். ஆட்டத்துக்கு என்னோடு சேர்த்து ஆறு பெண்பிள்ளைகள், மேளத்துக்கு இரண்டு பேர், சாமை அரைக்கிற கல் ஏந்திரம் சுற்றுவதற்கு அத்தை.

ஜோடனை வேலைக்கு வந்திருந்தவர் எங்களுக்குப் பச்சைக் காகிதத்தில் இலை இலையாக வெட்டிய பாவாடை கொடுத்தார்.

“இத யாரு கட்டுவாங்க?” என்றாள் அத்தை.

“நீங்கதாம்மா. மலை ஜனங்க.”

“எங்க மலைல யாரும் கட்டிப் பாக்கலியே. பொடவதான்.”

“பாக்கறவங்களுக்கு மலைன்னு தெரியணும்ல.”

அத்தை புடவையோடு ஏறி உட்கார்ந்தாள். நான் காகிதப் பாவாடையைக் கட்டிக்கொண்டேன். வேர்வையில் சாயம் இறங்கி இரண்டு நாள் தொடை பச்சையாக இருந்தது.

லாரியின் முன்பக்கம் துணியில் தைத்த புலி ஒன்று நின்றது. அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த ஆளைக் கூப்பிட்டாள். “எங்க மலைல புலி கெடையாதுங்க.”

“முன்னாடி இருந்திருக்கும்மா.”

“இருந்திருக்கும். நான் பாக்கல. கரடி கீது, காட்டெரும கீது, முள்ளம்பன்னி கீது. கரடி வைங்க.”

“கரடி பொம்ம கெடைக்கல.”

“அப்ப எடத்த சும்மா வுட்டுடுங்க.”

புலி இறங்கவில்லை. அடுத்தது ஏந்திரம். வெறும் கல்லை எதிரே வைத்து, சும்மா சுற்றிக்கொண்டே இருங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்று சொல்லிவிட்டுப் போனார் அவர். அத்தை மடியை அவிழ்த்தாள். வீட்டிலிருந்தே சாமை கொண்டுவந்திருந்தாள். மைதானத்து வாசலிலிருந்து மேடையைத் தாண்டும்வரை உட்கார்ந்து நிஜமாக அரைத்தாள். உமி பறந்து புலியின் முகமெல்லாம் ஒட்டியது. ஆடிக்கொண்டிருந்த எங்களுக்குத் தும்மல் வந்தது. மேடையில் இருந்தவர்கள் தும்மலையும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்று நினைத்திருக்க வேண்டும், கைதட்டினார்கள். திரும்பும் வழியில், வடக்கனந்தல் தாண்டும்போது, அத்தை லாரியிலேயே அதைப் புடைத்து முடித்துவிட்டாள். ஒரு படி அரிசி தேறியது. அன்றைக்கு எங்கள் வீட்டிலும் அவள் வீட்டிலும் அந்தச் சோறுதான். மாமா அன்றைக்கு ஒரு வாக்கியம் பேசினார். “குடியரசுச் சோறு நல்லாதான் கீது.”

அவர் பேசியதில் எனக்கு நினைவிருக்கிற கடைசி வாக்கியம் அது.

அதற்கு அடுத்த வருஷம் கீழிருந்து ஓர் ஏஜெண்டு வந்தான். ஆந்திராவில் மரம் வெட்ட ஆள் வேண்டும் என்றான். என்ன மரம் என்று யாரும் கேட்கவில்லை, செம்மரம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வருஷம் மழை இல்லை. எங்கள் ஊரிலிருந்து நான்கு பேர் போனார்கள். அதில் மாமாவும் ஒருவர். மாதம் ஒன்று கழித்து மூன்று பேர் தனித்தனியாகத் திரும்பி வந்தார்கள், செருப்பில்லாமல், முகம் கறுத்து. காட்டுக்குள் துரத்தினார்கள், ஆளுக்கொரு பக்கம் ஓடினோம் என்றார்கள்.

அந்த மூன்று பேரில் ஒருவர் கரடி. அத்தையின் வாசலில் வந்து குந்தி உட்கார்ந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “வெடிச்சத்தம் கேட்டேன் அண்ணி. அண்ணன் போன பக்கம்தான்.”

அத்தை அவரையே பார்த்தாள். “கேட்டது கெடக்கட்டும். பாத்தியா?”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கரடி இல்லையென்று தலையாட்டிவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் ஒவ்வொரு சேதி வந்தது. சுட்டுவிட்டார்கள் என்று ஒருவர். ஜெயிலில் இருக்கிறார் என்று ஒருவர். ஆற்றில் போய்விட்டார் என்று ஒருவர். திருக்கோவிலூர் சந்தையில் அவரைப் போலவே ஒரு ஆளின் முதுகைப் பார்த்ததாக ஒருவர். அங்கேயே ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறார் என்று சொன்னவர்களும் உண்டு. எல்லோரையும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து அதே கேள்வியைக் கேட்டாள். முதுகைப் பார்த்தேன் என்றவரிடம் மட்டும், “மொகத்த?” என்று கூடுதலாக ஒரு வார்த்தை.

அப்பா இரண்டு முறை அவளைக் கூட்டிக்கொண்டு கீழே போய் மனுக் கொடுத்தார். பதில் வரவில்லை. அத்தை பொட்டை எடுக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை, அழவுமில்லை. பெண்கள் அவளைக் கல் என்றார்கள். அம்மாதான் ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், “அண்ணி, ஒருவாட்டி அழுதாலாவது ஆறும்” என்றாள்.

“எதுக்குன்னு அழுவறது? எனக்கு இன்னா தெரியும்?” என்றாள் அத்தை.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அறுத்த புதுச் சாமையைச் சாமிக்குப் படைத்த பிறகு, வீட்டு ஆம்பளை முதல் பிடிச் சோற்றை எடுத்து வீட்டில் இருக்கிறவர்கள் கையில் வைப்பார். அவர் கொடுக்காமல் யாரும் அந்த வருஷத்துப் புதுசை வாயில் வைப்பதில்லை. ஆள் வெளியூர் போயிருந்தால் வரும்வரை காத்திருப்பார்கள். ஆள் செத்துப்போயிருந்தால், அந்த வீட்டுக்கு வேண்டியவர் யாராவது வந்து எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டுக்கும் வழி இருக்கிறது. அத்தை வீட்டுக்குத்தான் வழி இல்லை. மாமா இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அதனால் அத்தை விதைத்தாள், அறுத்தாள், குத்தினாள், எங்களுக்கெல்லாம் கொடுத்தாள். அவள் மட்டும் ரேஷன் அரிசியும் மரவள்ளிக் கிழங்கும் தின்றாள். ஒன்பது வருஷம் ஒரு பருக்கைச் சாமை அவள் வாயில் படவில்லை.

கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆன பிறகு குடியரசு தின விழா பெரிதாகிவிட்டது. ஊர்திகளோடு மைதானத்து ஓரத்தில் மலை உணவுக் கடை ஒன்றும் போட ஆரம்பித்தார்கள். தேன், கடுக்காய், மிளகு, தினை மாவு எல்லாம் இருக்கும். நடுவில் ஒரு அண்டா நிறையச் சாமைச் சோறு, மொச்சைக்கொட்டை சேர்த்துக் கிளறியது. சமையல் அத்தைதான். அவள் கைக்கு அப்படி ஒரு பேர். ஆனால் தை மாதத்தில் எல்லாம் புதுச் சாமைதானே. அவள் அதை ருசி பார்க்க மாட்டாள். உப்பைக் கை அளவில் போட்டுவிட்டு, கரண்டியில் கொஞ்சம் எடுத்து என் பக்கம் நீட்டுவாள்.

“உப்பு?”

நான் அப்போது கல்லூரி முடித்துவிட்டுக் கீழே ஒரு அலுவலகத்தில் தற்காலிக வேலையில் இருந்தேன். உணவுக் கடையை ஏற்பாடு செய்வது என் பொறுப்பு. முதல் வருஷம் வாயில் வைத்ததும் தெரிந்தது, உப்பு குறைவு. நன்றாகவே குறைவு. வரிசையில் அதிகாரிகள் தட்டோடு நின்றார்கள். மறுபடி கிளற நேரமில்லை. அதோடு, ஏழு வருஷமாகத் தன் வீட்டுச் சோற்றைத் தின்னாத ஒருத்தியிடம் குறை சொல்ல வாய் வரவில்லை.

“சரியா கீது அத்தே” என்றேன்.

சாப்பிட்டவர்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும், இயற்கை உணவு என்றால் உப்பு மட்டாகத்தான் இருக்கும், அதுதான் உடம்புக்கு நல்லது என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார். அடுத்த வருஷமும் அத்தை அதே அளவு போட்டாள். நானும் அதையே சொன்னேன். சரியென்று ஒருமுறை சொன்ன பிறகு மாற்றுவது கஷ்டம்.

அந்த மழைக்காலத்தில் அத்தை வீட்டுச் சுவர் சரிந்தது. கூரையும் ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. எங்கள் மாட்டுக் கொட்டகையின் ஒரு மூலையில் சாக்கு மறைப்புக் கட்டிக்கொண்டு இருந்தாள். எங்கள் வீட்டுக்குள் வரச் சொன்னால் வரமாட்டாள். அந்த நேரத்தில்தான் அரசாங்க வீட்டுக்குப் பேர் எடுத்தார்கள். அவள் நிலம் மாமா பேரில் இருந்தது, வீட்டு ஆணை அவள் பேருக்கு வர வேண்டுமானால் விண்ணப்பத்தில் ஒரு கட்டம் நிரப்ப வேண்டும். கணவருடன் வசிப்பவர், கணவரை இழந்தவர், கைவிடப்பட்டவர். தெரியவில்லை என்பதற்குக் கட்டம் இல்லை.

நான் அந்தக் காகிதத்தை இரண்டு நாள் கையில் வைத்திருந்தேன். கைவிடப்பட்டவர் என்று போட்டால் அது மாமாவுக்கு அவமானம், அவளுக்கும் அவமானம். இழந்தவர் என்றால் முன்னுரிமை. போட்டேன். ஊருக்குத் தலைவரான ஊர்க் கவுண்டரிடம், மாமா இறந்துவிட்டார் என்று ஒரு கடிதம் வேண்டியிருந்தது. எழுதியது நான். அவர் நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார், படிக்கக்கூட இல்லை. “நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும் பாப்பா” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அத்தையிடம் மைப்பெட்டியோடு போனேன்.

“இன்னா எழுதிக்கீற?”

“வூட்டுக்குத்தான் அத்தே.”

“படி, கேப்போம்.”

“எல்லாம் ஆபீஸ் வார்த்த. படிச்சாலும் ஒனக்குப் புரியாது.”

அவள் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள். கட்டைவிரலை நீட்டினாள். அந்த விரலைப் பிடித்து உருட்டி ஒற்றியது நான். பத்து வயசில் அதே விரலுக்கு அ எழுதச் சொல்லித் தருகிறேன் என்று அடம் பிடித்தவளும் நான்.

ஆணை வந்தது. குடியரசு தின மேடையிலேயே கலெக்டர் கையால் கொடுப்பதாக ஏற்பாடு. அந்த வருஷம் மலைப் பகுதி நிகழ்ச்சிகளுக்கு மைக்கில் பேச என்னைப் போட்டார்கள். எங்கள் மலையிலிருந்து அந்த மைக்கைப் பிடித்த முதல் பெண் நான். அம்மாவும் அப்பாவும் வேனில் வந்து முன்வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். கஞ்சி போட்ட பருத்திப் புடவை கட்டியிருந்தேன். ஊர்தி வந்தது, ஆட்டம் வந்தது. மலை மக்கள் கள்ளம் அறியாதவர்கள், இயற்கையின் மடியில் குறையில்லாமல் வாழ்பவர்கள் என்று நானே எழுதியதை நானே படித்தேன். துணிப் புலி அந்த வருஷமும் வந்திருந்தது. அதைப் பற்றியும் இரண்டு வரி எழுதியிருந்தேன்.

பிறகு நலத்திட்ட உதவிகள். யாரோ ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். ஒவ்வொரு பேராகப் படித்தேன். அத்தையின் முறை வந்தது. மாமாவின் பேருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று அச்சடித்திருந்தது. அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டுப் படித்திருக்கலாம். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். குரல் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. படித்துவிட்டேன்.

மைதானத்தின் நான்கு மூலையிலும் ஒலிபெருக்கி. கடைசி மூலையில் இருந்ததில் அந்தச் சொல் கொஞ்சம் தாமதமாக இன்னொரு முறை கேட்டது.

உணவுக் கடையில் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த அத்தை கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். பக்கத்தில் இருந்த பெண்கள், போங்க, ஒங்க பேருதான் என்று முதுகில் கை வைத்துத் தள்ளினார்கள். நடந்து வந்தாள். மேடை ஏறினாள். கலெக்டர் ஏதோ ஆறுதலாகச் சொன்னது உதட்டில் தெரிந்தது. இரண்டு கையாலும் காகிதத்தை வாங்கிக்கொண்டாள். போட்டோவுக்கு அந்தப் பக்கம் திரும்பச் சொன்னார்கள், திரும்பினாள். என் பக்கம் பார்க்கவில்லை.

நான் மிச்சமிருந்த பேர்களைப் படித்து முடித்துவிட்டு, தேசிய கீதம் முடிந்ததும் கடைக்குப் பின்பக்கம் ஓடினேன். அண்டா காலியாகியிருந்தது, அடியில் மட்டும் கொஞ்சம் சோறு. அத்தை அரிசிச் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள். காகிதம் மடியில் இருந்தது. கவலைப்பட்ட மாதிரி இல்லை. அவள் முகத்தில் அந்தக் கேள்வி மட்டும் இருந்தது.

“எப்ப தெரியும் ஒனக்கு?” என்றாள்.

நான் புடவை மடிப்பை நீவிக்கொண்டேன்.

“ஆபீஸ்ல காயிதம் வந்துச்சா? ஆள காமிச்சாங்களா, போட்டாவுல?” கொஞ்சம் நிறுத்தினாள். “நீ பாத்தியா?”

அந்த வார்த்தையை என்னிடம் அவள் எத்தனை நூறு தடவை கேட்டிருப்பாள். ஒவ்வொரு தடவையும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறேன், உப்பைத் தவிர. இல்லை, பார்க்கவில்லை, வீட்டுக்காக நானே எழுதினேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவள் அந்த நிமிஷமே எழுந்து மேடைக்குப் போய்க் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். எனக்கு அவளைத் தெரியும். மறுபடி மாட்டுக் கொட்டகை. ஊர்க் கவுண்டரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். என் வேலை போகும். கூட்டத்துக்குள் அம்மா என்னைத் தேடிக்கொண்டு, யாரிடமோ, மைக்குல பேசுச்சே அது எம்பொண்ணுதான் என்று சொல்வது கேட்டது.

“ம்” என்றேன்.

அவள் அழவில்லை. வெயிலில் கண் கூசுகிற மாதிரி இமையை இரண்டு தடவை மூடித் திறந்தாள். வளையலைக் கழற்றப் பார்த்தாள், வரவில்லை, விட்டுவிட்டாள். பிறகு வலது கையை என் முன்னால் நீட்டினாள்.

“எங்க வூட்ல இனிமே ஆம்பள இல்ல. வேண்டியவங்கன்னு நீதான் கீற. எடுத்துக் குடு.”

எனக்கு உடனே புரியவில்லை. அவள் கண் அண்டாவின் பக்கம் போன பிறகுதான் புரிந்தது. அடியில் ஒட்டியிருந்த சோற்றில் ஒரு பிடி வழித்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். காந்தல் வாசனை. அவள் அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு வாயில் போட்டாள்.

மென்றாள். மெல்லுவது மெதுவாகி நின்றது. தலை கொஞ்சம் சாய்ந்தது.

“உப்பு பத்தல” என்றாள்.

நான் அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“போன வருசமும் இவ்ளதான் போட்டேன். அதுக்கு முந்துன வருசமும். நீ சரியா கீதுன்னு சொன்ன.”

வெளியே மேளக்காரர்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். அத்தை என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடுத்ததாக அவள் கேட்க வேண்டிய கேள்விக்காக நான் காத்துக்கொண்டு நின்றேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அவள் கேட்கவில்லை. கையில் மிச்சமிருந்ததைத் தின்று முடித்தாள். ஒரு பருக்கையைக்கூடக் கீழே சிந்தவில்லை. காகிதத்தை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, வேனைப் பார்த்து நடந்தாள்.